கித்தேரி வாங்கிய கனம்

ஈஸ்டருக்கு முந்தைய தவசுக் காலத்தின் மூன்றாம் வியாழக்கிழமை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ஏழுபனைத்துறைக் கரையில் ஒரு திமிங்கலம் வந்து ஒதுங்கியது. ஒதுங்கியது என்றால் ஏதோ ஓரமாக ஒண்டிக்கொண்டது போலாகிவிடும். கடல் தன் வயிற்றிலிருந்து ஒரு மேட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பின்வாங்கியதுபோல, நாற்பதடி நீளத்துக்கு, ஏலக்கூடத்தின் கூரையை மறைத்துக்கொண்டு அது கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அதன் முதுகு மெல்ல மெல்ல எழும்பி, எழும்பிய உயரத்தில் ஒரு கணம் நடுங்கி நின்று, பிறகு பொத்தென்று அமுங்கியது.

ஏலக்கூடத்தில் தராசு பார்க்கிற கித்தேரி, நெத்திலிக் கூடையைத் தட்டில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி நின்றாள். வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தராசடியில்தான் நிற்கிறாள். கூடையைக் கையில் வாங்கும்போதே இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று வாய் சொல்லிவிடும், மின்தராசு அதற்குப் பிறகுதான் அதையே சொல்லும். கடலிலிருந்து வந்த மீனெல்லாம் அவள் கை வழியாகப் போனது, ஆனால் கடலுக்குள் முழங்காலுக்கு மேல் அவள் இறங்கியதில்லை. அந்த ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை, கடலில் இறங்குவதில்லை. யார் போட்ட கட்டு என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

அவள் புருஷன் சவேரி சங்கு குளிக்கிறவன். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பட்டையோடு ஓடிவந்தவன், திமிங்கலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினான்.

"பொழுது சாயுமுன்ன செத்துரும்," என்றான்.

"காயம் ஒண்ணும் இல்லியே?"

"காயம் எதுக்கு? கடலுக்குள்ள கெடக்கையில இதுக்குத் தன் கனமே தெரியாது, தண்ணி தாங்கிக்கிடும். கரையில யாரு தாங்குவா? அதோட கனமே அதை நசுக்குது பாரு. ஒவ்வொரு மூச்சுக்கும் அம்புட்டையும் தூக்கித் தூக்கி வைக்கணும்லா."

அறுபது பேர் வடம் கட்டி இழுத்தார்கள். வடம்தான் அறுந்தது, திமிங்கலம் ஒரு விரற்கடை நகரவில்லை. ஆண்கள் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கித்தேரி அதன் தலைமாட்டுக்குப் போனாள். தேங்காய்மூடி அளவுக் கண் ஒன்று அவளைப் பார்த்தது. தண்ணீர்க் குடத்தோடு வழியில் திணறி நிற்கிறவளைக் கண்டால் கை தானாக நீளுமே, அப்படி அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் கன்னத்தில் வைத்து, "இம்புட்டையும் நீயே சுமந்துக்கிட்டுக் கெடக்கியே தாயி. எங்கிட்ட கொஞ்சம் தா, நான் வச்சிருக்கேன்," என்றாள்.

கொஞ்சம் என்று அவள் சொன்னது திமிங்கலத்துக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. முழுவதையும் கொடுத்துவிட்டது.

முதலில் அவள் கணுக்கால் மணலுக்குள் போனது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. திமிங்கலம் நீளமாக, தடையில்லாமல், ஒரு மூச்சு விட்டது. வயிற்றில் ஒட்டியிருந்த ஈரமணல் பொலபொலவென்று உதிர, தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, கடற்காற்றில் மெதுவாகத் தலை திருப்பியது. ஊர் முழுக்க அங்கே நின்றது. ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மைதான் முதலில் வாய் திறந்தார். "பார்த்துக்கிட்டு நிக்கியளே, கட்டுங்கடா அதை. காத்து திரும்புனா போயிரும்."

ஐஸ் பெட்டி இரண்டில் கயிறு போட்டுக் கட்டியதும் அது அடங்கி நின்றது.

கித்தேரியைத் தூக்கத்தான் முடியவில்லை. எட்டுப் பேர் கை கோத்தும் அவள் அசையவில்லை. கடைசியில் சுற்றிலும் தோண்டி, பனங்கட்டைகளை அடுக்கிச் சரிவு கட்ட, அவள் தானாகவே ஏறி வந்தாள். அவளுக்கு வலி இல்லை, களைப்பு இல்லை, கால் எப்போதும்போல எழும்பியது. கனம் அவளுக்குத் தெரியவில்லை, தரைக்குத்தான் தெரிந்தது. அவள் மிதித்த பனங்கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கின.

மறுநாள் காலை, திமிங்கலத்தைக் கடல் பக்கம் திருப்பிவைக்கலாமென்று பன்னிரண்டு பேர் வடத்தைப் பிடித்தார்கள். கனமே இல்லாததை இழுக்க இத்தனை பேர் எதற்கு என்று சிரித்துக்கொண்டுதான் பிடித்தார்கள். ஆனால் அது லேசில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க இழுக்க, நத்தை நகர்வதுபோல நகரத் தொடங்கியது. நகரத் தொடங்கியது நிற்கவில்லை. வடத்தை விட்டார்கள், வந்தது. முன்னால் போய் நின்று தள்ளினார்கள், அவர்களையும் தள்ளிக்கொண்டு வந்தது. எந்த அவசரமுமில்லாமல் இரண்டு வள்ளங்களின் விலாவை முறித்து, வலைக் கொட்டகையைச் சாய்த்து, ஐஸ்கூடத்துச் சுவரைப் பிளந்துகொண்டு போய்த்தான் ஓய்ந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, ஒருவனுக்கு இரண்டு விரல் போயிற்று.

கன்னியர் மடத்துப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற எமரென்சியா சிஸ்டர் உடைந்த சுவருக்கு முன்னால் வந்து நின்று, பிளவின் அகலத்தைக் கையால் அளந்தார். பிறகு, "எடைதான் போயிருக்கு, நிறை போகல," என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான சிஸ்டர்?" என்றார் தொம்மை.

"நானும் வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் போடுறேன், பிள்ளைங்களும் இதையேதான் கேக்குது. நிறைங்கிறது அந்த உடம்புக்குள்ள எவ்வளவு இருக்குங்கிறது. எடைங்கிறது அதைப் பூமி எவ்வளவு இழுக்குதுங்கிறது. இழுப்புதான் கித்தேரிகிட்டப் போயிருக்கு. உள்ள இருக்கிறது எங்கேயும் போகல. அதனாலதான் அதைக் கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம்." சொல்லிக்கொண்டே திமிங்கலத்தின் விலாவைத் தொட்டுப் பார்த்தார். 

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அதன் பக்கத்தில் சிரிக்கவில்லை. எதையும் முட்டாதபடி எட்டுத் திசையிலும் வடம் கட்டினார்கள். வெயிலில் தோல் வெடிக்கிறது என்று கித்தேரியின் பக்கத்து வீட்டுப் பெர்பெத்து தன் சேலை ஒன்றைக் கடல்நீரில் நனைத்து அதன்மேல் வீசினாள். மத்தியானத்துக்குள் ஊர்ப் பெண்களின் சேலைகள் இருநூறுக்கு மேல் அதன் முதுகில் கிடந்தன. கல்யாணச் சேலையும் கிழிந்த சேலையும் ஒன்றாகச் சொட்டச் சொட்ட, மண்ணைத் தொடாத அந்தப் பெரிய உடம்பு காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே போனார்கள்.

கித்தேரியை நிறுத்துப் பார்க்க ஊர் ஆசைப்பட்டது, அவளுக்கும் ஆசைதான். ஊர் எல்லையில் உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடைக்கு நடந்து போனாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் தார்ச்சாலை பிட்டுபோல உதிர்ந்தது. நீலச் சேலை கட்டிய ஒரு பெண், லாரி நிற்கிற இரும்புத் தட்டின் நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினெட்டாயிரத்து எழுநூற்று இரண்டு கிலோ. சீட்டில் வண்டி எண் என்று இருந்த இடத்தில் 'கித்தேரி' என்று எழுதி மரியாதையாக நீட்டினார்.

"என்னோட அறுபத்திரண்டு போக," என்றாள் கித்தேரி, "பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பது அதோடது."

"இந்த உடம்புக்குள்ள இவ்வளவா," என்று எமரென்சியா சிஸ்டர் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். "இதே அளவு ஈயத்தைவிட இருபத்தஞ்சு மடங்குக்கு மேல எடை. பூமியில இப்படி ஒரு பொருள் இல்ல, கித்தேரி."

"பொருளா நானு?" என்றாள் கித்தேரி. சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

ஏழுபனைத்துறைக்கு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. கோயில் தெருவுக்குப் புதிதாகச் சரளை கொட்டி, உருளை வண்டி வராமல் இரண்டு மாதமாகக் கிடந்தது. தொம்மை வந்து தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார், கித்தேரி ஒரு காலைப்பொழுது மேலும் கீழும் நடந்துகொடுத்தாள். தெரு பளிங்குபோல அமர்ந்தது. வளைந்த நங்கூரங்களை நிமிர்த்திக்கொடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலச் செபமாலை முடிந்ததும் பெண்கள் சிலர் அவள் உட்கார்ந்திருந்த கருங்கல்லைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நெஞ்சில் ஒரு பாறை இருக்கிறது, அதையும் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கு வாங்கத் தெரியலியே அக்கா," என்றாள் கித்தேரி. சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்தது. அந்த அக்கா கையை விடவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திமிங்கலத்தைக் கடலுக்கு அனுப்பினார்கள். நாலு வள்ளங்கள் பொறுமையாக இழுத்துப் போயின. ஆழத்தில் விட்டால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கடல் அதை உள்ளே எடுக்கவில்லை. தண்ணீரைத் தொடக்கூட இல்லாமல், அலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அது நின்றது. அதன் நிழல் மட்டும் தண்ணீரில் கிடந்தது. வாலை அடித்தது, காற்றைத்தான் அடித்தது. தலையைக் கவிழ்த்து முங்கப் பார்த்தது, முங்கும் முன்னே தண்ணீர் அதைத் தூக்கி வெளியே எறிந்தது. கீழே, நிழலுக்குள், மத்தி மீன்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போது திமிங்கலம் ஒரு சத்தம் கொடுத்தது. கரையில் நின்றவர்களுக்கு அது காதில் கேட்கவில்லை, காலடி மணலில் கேட்டது.

கயிறு கட்டித் திரும்பவும் கரைக்கே கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை அதன் கண் பாதி மூடியிருந்தது. சேலைகள் காயக் காய நனைத்தும் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"காத்தைவிட லேசா இருக்குற ஒண்ணு தண்ணிக்குள்ள போக முடியாது," என்றார் எமரென்சியா சிஸ்டர். "தண்ணியளவுக்காவது எடை வேணும். அதோடதை அதுக்குக் கொடுக்கணும்."

"இங்க வச்சுக் கொடுத்தா?" என்றாள் கித்தேரி.

"அமுங்கிச் செத்துப்போகும். ஆழத்துல வச்சுத்தான் கொடுக்கணும்."

கித்தேரியை ஏற்றிக்கொள்ள அந்தக் கடற்கரையில் வள்ளம் கிடையாது. பதினெட்டு டன்னை எந்த வள்ளம் தாங்கும்? அவள் சவேரியைப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெக்க கல்பார்ப் பாறை கடலுக்குள்ள எறங்குதுன்னு சொல்லுவியள்ல," என்றாள்.

"சொல்லுவேன்."

"மணல் இல்லாம எம்புட்டு ஆழம்வரைக்கும் போவும்?"

"ஏழு பாகம், ஏழாள் ஆழம்." பிறகு குரல் உயர்ந்தது. "உனக்கு என்ன கிறுக்கா? முழங்கால் தண்ணி பார்த்தவ நீ. கால் தப்புனா உன்னை எவன் தூக்குவான்? நானா? இந்த ஊரே சேர்ந்து ஒரு சாண் தூக்கல உன்னை. ஒரு மீனுக்காவ என்னைத் தனியா விட்டுட்டுப் போவியோ?"

அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இருபத்தைந்து வருடம் அவன்தான் கடலுக்குள் போனான், கரையில் நின்று அவன் தலை தண்ணீருக்கு மேலே வருகிறதா என்று பார்த்தது அவள். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

"எங்கிட்ட நம்பிக் கொடுத்துச்சு, இங்கேருங்க," என்றாள். "கண்ணைத் தொறந்து பாக்குது என்னை. நான் என்ன செய்ய?"

சவேரி எழுந்துபோய், முங்கும்போது வாயில் கவ்வுகிற தன் காற்றுக்குழாயை எடுத்து, அங்குலம் அங்குலமாகக் கையால் தடவி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினான்.

புதன்கிழமை காலை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. தெற்கே கல்பார் தொடங்குகிற இடத்தில் ஊர் கூடி நின்றது. பெண் கடலில் இறங்குவதைப் பற்றிக் கமிட்டியில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கித்தேரி எதிர்பார்த்தாள். தொம்மை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "காத்து எந்திரம் நான் பாத்துக்கிடுதேன், நீ போ மோளே," என்று வள்ளத்தில் ஏறினார். எமரென்சியா சிஸ்டர் கிட்டே வந்தார். "கொடுக்கும்போது உன்னோடதையும் சேர்த்துக் கொடுத்துராத. அறுபத்திரண்டு கிலோ. அதையும் கொடுத்துட்டேன்னா வானத்துல தேடணும் உன்னை."

"அதெல்லாம் கை சொல்லிரும் சிஸ்டர்."

அவள் திமிங்கலத்தின் பக்கத்துடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வடங்களை அவிழ்த்தார்கள். குழாயை வாயில் கவ்விக்கொண்டு, மாட்டைத் தண்ணி காட்ட ஓட்டிப்போகிறவள்போல, கித்தேரி கடலுக்குள் நடந்தாள். கணுக்கால், முழங்கால், அதற்கு மேல் அவள் அறியாத கடல். இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தலைமுடி தண்ணீரில் விரிந்து ஒரு கணம் மிதந்து பிறகு உள்ளே போனது. அவள் தலைக்கு மேலே, கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, திமிங்கலம் மட்டும் தனியாகக் கடல்மேல் மெல்லப் போய்க்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. பிறகு அதன் வயிறு தண்ணீரைத் தொட்டது. பாறை இறங்க இறங்க, அவள் இறங்க இறங்க, கடல் எவ்வளவு தள்ளியும் கேளாமல் அந்தப் பெரிய உடம்பு விலாவரை, கண்வரை, முதுகுவரை உள்ளே போனது. கடைசியில் அதன் முதுகில் கிடந்த சேலைகள் மட்டும் மேலே மிதந்தன. 

கீழே கித்தேரி நடந்துகொண்டிருந்தாள். தண்ணீர் திமிங்கலத்தைப் பிடித்து மேலே இழுத்தது, பூமி அவளைப் பிடித்துக் கீழே இழுத்தது, நடுவில் அவள் தோள் ஒன்றுதான் இருந்தது. விட்டால் அது ஒரு பக்கம், தான் ஒரு பக்கம். அவள் விடவில்லை. பக்கத்தில் சவேரி, இன்னொரு குழாயைக் கவ்விக்கொண்டு, இடுப்பு ஈயத்தோடு, அவள் முகத்தைப் பார்த்தபடியே நீந்திவந்தான். அவன் வருடக்கணக்காகச் சொல்லி அவள் கேட்டிருந்த வெளிச்சம் அங்கே இருந்தது. வாய்க்கால் வாய்க்காலாக வெயில் இறங்கிப் பாறையில் ஆடியது. ஆறாம் பாகத்தில் அவன் கையைக் காட்டினான். போதும்.

அவள் துடுப்பை விடாமலே திரும்பி, மற்ற உள்ளங்கையை அதன் கன்னத்தில் வைத்தாள். வாயில் குழாய் இருந்ததால் மனதுக்குள்தான் சொன்னாள். இந்தா தாயி.

கனம் போகத் தொடங்கியது. மூட்டையின் வாயை அவிழ்த்தால் நெல் இறங்குவதுபோல, ஒரே சீராக, சத்தமில்லாமல். இருபத்திரண்டு வருடத்துக் கை அதை அளந்துகொண்டே இருந்தது. ஐயாயிரம். பத்தாயிரம். தோளில் இழுப்பு குறைந்தது. பதினைந்து. துடுப்பு கைக்குள் இளகியது. பதினெட்டு. அறுநூறு. நாற்பது. கையை எடுக்கவேண்டும் என்று அவள் நினைத்த அதே கணத்தில் திமிங்கலமும் கன்னத்தை விலக்கிக்கொண்டது. ஒரு கிராம்கூட அது அதிகம் எடுக்கவில்லை.

அது மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. பதினெட்டு டன், எதிலும் தொங்காமல், எதன்மேலும் நிற்காமல், அவள் முகத்துக்கு நேரே சும்மா இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கால் பாறையை விட்டு எழும்பியது. பயந்து ஊன்றப் பார்த்தாள், பாறை எட்டவில்லை. பிறகு ஊன்றப் பார்ப்பதை விட்டாள். திமிங்கலத்தின் கண் முழுசாகத் திறந்திருந்தது. அந்தப் பெரிய உடம்பும் இந்தச் சின்ன உடம்பும் ஒரே தண்ணீரில், பக்கத்தில் பக்கத்தில், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

சவேரி அவளை மேலே கொண்டுவந்து வள்ளத்தில் ஏற்றினான். ஏழுபனைத்துறையின் வள்ளத்தில் ஏறிய முதல் பெண் அவள். வள்ளம் லேசாக ஆடிவிட்டு அவளை ஏற்றுக்கொண்டது. பத்துப் பாகம் தள்ளி, திமிங்கலம் ஒருமுறை எழுந்து, அவர்கள் எல்லார்மேலும் சூடான மீன்வாடை மூச்சை ஊதியது. வால் தூக்கியது. தண்ணீர் இந்தத் தடவை தடுக்கவில்லை.

கித்தேரிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "குளிருதா?" என்று கேட்டான் சவேரி.

"இல்ல," என்றாள். "அங்க அம்புட்டுக் கனமும் இருந்துச்சு. ஒரு கிலோ குறையல, நான் அளந்தேன்லா. ஆனா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. கடல் அதை எப்படித் தாங்கிக்கிட்டு இருக்கு, பாத்தியளா? மூச்சுகூட வாங்காம."

சவேரி கால் நூற்றாண்டாகப் போய்வருகிற தண்ணீரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். தொம்மை எந்திரத்தை நிறுத்தினார். வள்ளம் தன் போக்கில் கரையை நோக்கிப் போனது.

கரை நெருங்கியபோது கித்தேரி எழுந்து நின்றாள். கல்பாருக்கு வடக்கே, மணல் பக்கம், ஏழுபனைத்துறைப் பெண்கள் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டி, கிழவிகளும் குமரிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மார்பளவு ஆழத்துக்கு வந்திருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த அக்காவும் நின்றாள்.  பெர்பெத்துதான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு காலை எடுத்தாள். பிறகு மற்ற காலையும் எடுத்தாள். விழவில்லை. கண்ணைத் திறந்து வள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ கித்தேரி! தூக்குதுடி!"